போகாமல் நின்ற மெயில்கள்

1. ஒரு சனிக்கிழமை, நல்லூரில் இருக்கும் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் எல்லாக் கணினிகளுக்கும் புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றினோம்.

2. திங்கள்கிழமை காலை எல்லாக் கணினிகளும் திறந்தன. பிரிண்டர் ஓடியது. வெளியிலிருந்து மெயில்கள் வந்து விழுந்தன. வேலை முடிந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

3. புதன்கிழமை காலை, திங்கள் முதல் அங்கிருந்து ஒரு மெயில்கூட வெளியே போகவில்லை என்று போன் வந்தது.

4. போனேன். காரணம் தெரிந்தது. சிறிய காரணம்தான்.

5. சரிசெய்தேன். 'ஓகே' பொத்தானை அழுத்துவது மட்டும் மிச்சம்.

6. அழுத்தச் சொல்லி மூன்று பேர் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் முதலாளி.

7. நான் அழுத்தவில்லை. நெட்வொர்க் கேபிளைக் கழற்றினேன்.

இதில் ஐந்து வரை உள்ளதை, நம் கணினி சர்வீஸ் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். தெரியாததைத் தேடிக் கண்டுபிடித்துக்கொள்வீர்கள். நான் எழுத நினைப்பது ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் இருந்த கொஞ்ச நேரத்தைப் பற்றி.

இப்போது நான் கம்பெனிகளுக்கு நேரில் போவதில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து, யார் எங்கே போவது என்று பிரித்துக் கொடுக்கிறேன். வண்டியை எடுத்துக்கொண்டு போய், சுற்றிலும் ஆட்கள் நிற்க, ஓடாத கணினிக்கு முன்னால் உட்காரப் போகிறவர்கள் நீங்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கை எவ்வளவு வேகமாக ஓடும் என்று எனக்குத் தெரியும். எப்படியாவது ஓட வைத்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்றுதான் இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கம்பெனியின் வழக்கத்தைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

அங்கே கம்பெனி பெயரில் ஒரே ஒரு மெயில் முகவரி. வெளியே போகும் மெயில் எல்லாம் ஒரே கணினியிலிருந்து போகும். அது முதலாளியின் கண்ணாடி அறையை ஒட்டி இருக்கும். மெர்ச்சண்டைசர்கள், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் இங்குள்ள நிட்டிங், டையிங், தையலுக்கும் நடுவில் நின்று ஆர்டரை நகர்த்துகிறவர்கள், காலையில் ஒவ்வொருவராக வந்து அதில் உட்கார்ந்து தங்கள் மெயில்களை எழுதுவார்கள். எழுதி 'அனுப்பு' என்று கொடுத்தாலும் அவை போகாது. மெயில் மென்பொருளை ஆஃப்லைனில் வைத்திருப்பார்கள். மெயில்கள் அவுட்பாக்ஸில் போய் வரிசையாக நிற்கும்.

முதலாளி சின்னச்சாமி தையல் தளத்தையும் பேக்கிங்கையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து அந்த நாற்காலியில் உட்காருவார். ஒவ்வொரு மெயிலாகத் திறந்து படிப்பார். திருத்தம் இருந்தால் எழுதியவரைக் கூப்பிடுவார். பிறகு ஆஃப்லைனை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் அனுப்புவார். எழுத்து வெளியே போய்விட்டால் திரும்பாது என்பது அவர் கொள்கை. பல வருடங்களாக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். வேறு எந்தக் கம்பெனியிலாவது அவுட்பாக்ஸில் ஒரு மெயில் கொஞ்ச நேரம் நின்றாலே நமக்குப் போன் வந்துவிடும். இங்கே மெயில்கள் நிற்பதுதான் வழக்கம். நின்றால் யாரும் பயப்பட மாட்டார்கள்.

திங்கள்கிழமை காலை நான் அங்கிருந்து என் போனுக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பினேன். அதுவும் அவுட்பாக்ஸில் போய் நின்றது. பக்கத்தில் இருந்த மெர்ச்சண்டைசர் கதிர், "அது நிக்கட்டுங்க. அவரு வந்து எல்லாத்தையும் ஒட்டுக்காத் தாட்டி உட்ருவாரு" என்றார். ஒட்டுக்கா என்றால் எங்கள் பக்கத்தில் மொத்தமாக, தாட்டிவிடுவது என்றால் அனுப்பி வைப்பது. அந்த இடத்தின் வழக்கம் அது என்பதால் நானும் காத்திருக்கவில்லை.

சின்னச்சாமி திங்கள்கிழமை வந்தார், படித்தார், அனுப்பினார், எழுந்து போனார். படங்கள் இணைத்த மெயில்கள் அங்கே எப்போதும் மெதுவாகத்தான் போகும். யாரும் நின்று பார்ப்பதில்லை. செவ்வாய்க்கிழமை வந்தபோது திங்கள்கிழமை மெயில்களும் அங்கேயே நிற்பதைப் பார்த்திருக்கிறார். "நெட்டு மெதுவாப் போகுதாட்டம்" என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி அனுப்பிவிட்டு, தங்கை மகள் நிச்சயதார்த்தத்துக்காகக் கொமரலிங்கம் என்ற ஊருக்குக் கிளம்பிவிட்டார். உள்ளே வரும் மெயில்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் மெயில் கெட்டுவிட்டது என்று யாருக்கும் தோன்றவில்லை.

கண்டுபிடித்தவர் சலீமா.

சலீமா அங்கே ஒரு சீனியர் மெர்ச்சண்டைசருக்கு உதவியாளராகச் சேர்ந்தவர். அந்த சீனியர் வேறு கம்பெனிக்குப் போனபோது, அவர் பார்த்துக்கொண்டிருந்த பையர்களில் ஒருவரைச் சின்னச்சாமி சலீமாவிடம் கொடுத்தார். பச்சைக் குழந்தைகளுக்கான உடுப்புகள் வாங்குகிற பையர். சலீமா தனியாகப் பார்க்கும் முதல் ஆர்டர் அது. இது ஒழுங்காகப் போனால் அந்த பையர் அவருடையவர். போகாவிட்டால் மறுபடியும் யாராவது ஒருவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். இதை அந்த ஆபீஸில் யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

திங்கள்கிழமை அந்த பையர் அடர் பச்சை நிறத்துக்குச் சம்மதம் சொல்லியிருந்தார். துணி ஏற்கெனவே வெளியே உள்ள டையிங் யூனிட்டில் இருந்தது. அடர் பச்சையில் சாயம் போடச் சொல்லி சலீமா டையிங்குக்கு மெயில் எழுதினார். செவ்வாய்க்கிழமை பையரிடமிருந்து இன்னொரு மெயில் வந்தது. கூடவே விற்கும் தொப்பியோடு சேராது, இளம் பச்சையாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று. சலீமா உடனே டையிங்குக்கு இரண்டாவது மெயில் எழுதினார்.

புதன்கிழமை காலை டையிங் சூப்பர்வைசர் அவரைக் கூப்பிட்டார். தன்னிடம் எந்த மெயிலும் வரவில்லை, மதியச் சாப்பாடு முடிந்ததும் மெஷின் காலியாகிறது, அதற்குள் மெயில் வராவிட்டால் வேறு கம்பெனித் துணியை ஏற்றிவிடுவேன் என்றார். சலீமா போனிலேயே இளம் பச்சை என்று சொல்லியிருக்கிறார். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. வாய்ப்பேச்சைக் கேட்டுச் சாயம் போட்டு ஏற்கெனவே ஒருமுறை மாட்டிக்கொண்டவர். கம்பெனி முகவரியிலிருந்து மெயில் வேண்டும், கடைசியாக வந்த மெயில் எதுவோ அதை அச்செடுத்து அந்தத் துணியோடு போகும் கார்டில் குத்துவேன், அதில் இருப்பதுதான் நிறம் என்பது அவர் முறை. சலீமா தன் சொந்த முகவரியிலிருந்து அனுப்பிப் பார்த்தார். அது செல்லாது என்றுவிட்டார்.

அப்போதுதான் அவுட்பாக்ஸைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

நான் போனபோது மேனேஜர் கார்த்தி அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். முதலாளிக்கு மச்சான் முறை. அவர் இல்லாதபோது எல்லாம் இவர்தான். கையில் இரண்டு போன்கள், இரண்டும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன. சலீமா சுவரோரமாக நின்றார். ஸ்டீம் அயர்ன் வெக்கை கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே வந்தது.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெயில் உள்ளே வரும் வாசல் வேறு, வெளியே போகும் வாசல் வேறு. வெளியே போகும் வாசலில் பழைய முறைப் பாதுகாப்பு அமைப்பு இருந்தது. புதிய சிஸ்டம் அந்தப் பழைய முறையை ஏற்காது. அமைப்பை மாற்றினால் தீர்ந்தது. மாற்றினேன். 'ஓகே' மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனேன்.

அந்த இடத்தில் ஒரு பழக்கம் எனக்குக் கை கொடுத்தது. எதையும் அழுத்துவதற்கு முன்னால், அழுத்தினால் வரிசையாக என்னென்ன நடக்கும் என்று மனதுக்குள் எண்ணிக்கொள்வேன். ஒன்று, வெளிவாசல் திறக்கும். இரண்டு, சிஸ்டம் மாற்றியபோது ஆஃப்லைன் அமைப்பு தானாகவே போய்விட்டிருந்ததால், மெயில் மென்பொருள் யாரையும் கேட்காமல் அவுட்பாக்ஸைக் காலி செய்யும். மூன்று, அங்கே நிற்பது எல்லாம் இப்போது, இந்த மதியத்தில், போய்ச் சேரும்.

அங்கே என்ன நிற்கிறது? முதல்முறையாகப் பட்டியலைப் பார்த்தேன். ஒரே தலைப்பில் டையிங்குக்கு இரண்டு மெயில்கள் இருந்தன.

சலீமாவைக் கூப்பிட்டு, இரண்டும் ஒன்றா என்று கேட்டேன்.

"மேல இருக்கறது இளம் பச்சை, அக்கா. அதுதான் போகோணும். கீழ இருக்கறது அடர் பச்சை. அதுதான் போகவே இல்லையே, விடுங்க."

நண்பர்களே, இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும். போகாத மெயில் செத்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். படித்தவர், படிக்காதவர் வித்தியாசம் இல்லை. அனுப்பினோம், போகவில்லை, போன் செய்து சொல்லிவிட்டோம், அதோடு அந்த மெயில் முடிந்தது என்பது அவர்கள் கணக்கு. அது முடியவில்லை. வரிசையில் நிற்கிறது. வாசல் திறந்தால் திங்கள்கிழமை எழுதியது புதன்கிழமைச் செய்தியாகப் போய்ச் சேரும். இரண்டு மெயில்களையும் ஒன்றாக விட்டால் எது முன்னால் போய்ச் சேரும், எது பின்னால் போய்ச் சேரும் என்று நம்மால் உறுதி சொல்ல முடியாது. டையிங்கில் கடைசியாக வந்த மெயில் எதுவோ அதுதான் நிறம். இளம் பச்சை போட்டிருந்தாலாவது அதன்மேல் அடர் பச்சை ஏற்றிவிடலாம். அடர் பச்சையை இளம் பச்சையாக்க முடியாது. சாயத்தை உருவி எடுத்தால் குழந்தைக்குப் போடும் மென்மை துணியில் இருக்காது. வேறு துணி பின்னி எடுக்க நாளும் இல்லை.

எனக்கு இது உடனே உறைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முன்பு வேறொரு கம்பெனியில் அட்டைப்பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடிக்கும் பிரிண்டர் நின்றுபோனது. அங்கே இருந்தவர்கள் ஓடாத பிரிண்டருக்குத் திரும்பத் திரும்ப பிரின்ட் கொடுத்தார்கள். இடையில் எந்தப் பெட்டியில் எந்த சைஸ் எத்தனை என்பது மாறியது, புதியதையும் கொடுத்தார்கள். எங்களில் ஒருவர் போய்ப் பிரிண்டரை ஓட வைத்தார். ஓடியதும் கை தட்டினார்கள். பழைய ஸ்டிக்கரும் புதிய ஸ்டிக்கரும் கலந்து வந்து விழுந்துகொண்டே இருந்தன. பேக்கிங்கில் இருந்தவர்கள் வந்த வரிசையில் எடுத்து ஒட்டிவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து உரித்தோம். ஸ்டிக்கரை உரிக்கலாம். சாயத்தை உரிக்க முடியாது.

அம்புக்குறியை ஓகே மேலிருந்து நகர்த்திவிட்டு, இதை இப்படியே விட முடியாது, யார் யார் மெயில் நிற்கிறதோ அவர்களைக் கூப்பிடுங்கள் என்று கார்த்தியிடம் சொன்னேன்.

"மேடம், நீங்க மெயில சரி பண்ண வந்தீங்களா, படிக்க வந்தீங்களா?"

"நான் படிக்கலீங்கண்ணா. எழுதுனவங்களப் படிக்கச் சொல்றேன்."

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. கப்பல் ஏஜென்ட் பேப்பர்களுக்காகக் காத்திருந்தார். பட்டன் ஆள் அளவு கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாட்களாக ஒரு கம்பெனி பேச்சிழந்து நின்றிருந்தது, அது அன்று காலைதான் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு பச்சை மெயிலை மட்டும் அழித்துவிட்டு மற்றதை எல்லாம் விட்டுவிடுங்கள் என்றார். சலீமாவும் அதையே சொன்னார். அவருக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பேசும்போதே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கும் என்றேன். அப்படி இருப்பது எனக்குத் தெரியாது. இல்லை என்பதும் தெரியாது. தெரியாத இடத்தில் திரும்ப எடுக்க முடியாததைச் செய்யக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

கார்த்தி முதலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பின்னால் மேளச் சத்தம் கேட்டது. கார்த்தி தன் பக்கத்தைச் சொன்னார். நான் என் பக்கத்தைச் சொன்னேன்.

"நான் படிச்சுப் பாத்து அமுக்குனதுதானுங்க அம்மிணி. எல்லாத்தையும் தாட்டி உட்ருங்க."

அவ்வளவுதான். உத்தரவு கிடைத்துவிட்டது. அந்த இடத்தில் நான் அழுத்தியிருந்தால் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. கணினி அவருடையது, மெயில் அவருடையது, சொன்னவர் அவர். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நம் வேலையில் பெரிய தவறுகள் பெரும்பாலும் அனுமதியோடுதான் நடக்கின்றன. அனுமதி கொடுப்பவருக்குப் பொத்தான் தெரியும். பொத்தானுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

"நீங்க பாத்தது திங்கக்கெழமைங்க சார். இன்னைக்குப் பொதங்கெழமை" என்றேன்.

"பாத்தது பாத்ததுதானுங்க. அதுக்குள்ள எழுத்து மாறிப்போகுமா?"

"எழுத்து மாறலீங்க. அதுக்கப்பறம் பையர் சொன்னது மாறியிருக்குதுங்க."

கார்த்தி என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி என்ன மாறிப்போச்சு என்று சின்னச்சாமி கேட்டார்.

நான் சலீமாவைப் பார்த்தேன். அவருக்குத் தன் ஆர்டரில் குழப்பம் இருக்கிறது என்பதை முதலாளியிடம், எல்லோர் முன்னாலும், சொல்ல வேண்டியிருந்தது. குழப்பம் அவருடையது அல்ல. ஆனால் சொல்கிற வாய் அவருடையது. முன்னால் வந்து போனுக்கு அருகில் குனிந்து, பையர் நிறத்தை மாற்றியதைச் சொன்னார். டையிங்குக்கு இரண்டு மெயில் நிற்பதைச் சொன்னார்.

"அடர் பச்சை போட்ட மெயிலயா நான் பாத்து அனுப்புனேன்?"

"ஆமாங்க. செவ்வாக்கெழம இளம் பச்சையையும் பாத்தீங்க. ரெண்டையும் சேத்துத்தான் அமுக்குனீங்க."

"ரெண்டையும் நானே அமுக்குனனா?"

"ஆமாங்க."

நான் அவரை அதற்கு முன் இரண்டு மூன்று முறைதான் பார்த்திருந்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். யாரோ அவரைச் சபைக்குக் கூப்பிடுவது கேட்டது.

"செரி. அவங்கவங்க எழுதுனத அவங்கவங்களே பாத்துச் சொல்லட்டும். எது போகோணுமோ அது போகட்டும். கார்த்தி, அந்த அம்மிணிய அவசரப்படுத்தாத."

போன் நின்றது. கேபிளைக் கழற்றினேன்.

செய்தது எல்லாம் எளிய வேலைதான். கேபிள் இல்லாத நிலையில் ஓகே கொடுத்தேன். 'நிறுத்தியவை' என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, அவுட்பாக்ஸில் இருந்த எல்லாவற்றையும் அதற்குள் தள்ளினேன். அவுட்பாக்ஸ் வெறுமையாக இருப்பதை சலீமாவையும் கார்த்தியையும் பார்க்கச் சொன்னேன். திங்கள்கிழமை எழுதிய என் சோதனை மெயிலை மட்டும் திரும்ப வைத்து, கேபிளை மாட்டி, அனுப்பினேன். என் போனில் வந்து விழுந்தது. சரிசெய்த பிறகு முதலில் அனுப்புவது, தொலைந்தாலும் யாருக்கும் நஷ்டம் இல்லாத மெயிலாக இருக்க வேண்டும்.

இரண்டாவதாக இளம் பச்சை போனது. அதற்கு முன் சலீமா அந்த மெயிலைத் திறந்து, இந்தத் துணிக்கு இது ஒன்றே உத்தரவு என்று மேலே ஒரு வரி சேர்த்தார். அது என் யோசனை அல்ல, அவருடையது.

அனுப்பிவிட்டு நின்றோம். கீழே சாப்பாட்டு மணி அடித்து, தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. படிக்கட்டில் தமிழும் ஹிந்தியும் இறங்கிப் போயின. டையிங்கிலிருந்து போன் வரவில்லை. கார்த்தி, இப்ப இது போச்சா இல்லையா என்று கேட்டார். இங்கிருந்து போய்விட்டது, அங்கே பார்த்தார்களா என்று சொல்ல எனக்கு வழி இல்லை என்றேன். சலீமா தானே டையிங் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். அவர் எடுக்கவில்லை. இரண்டாவது முறை எடுத்தார்.

"வந்துருச்சுங்க, இப்பத்தான் பாக்கறேன். இளம் பச்சை. இதுக்கப்பறம் வேற எதுவும் அனுப்பி என்னக் கொழப்ப மாட்டீங்களே?"

"இல்லீங்க. அது ஒண்ணுதான் வரும்."

சொல்லிவிட்டு சலீமா என்னிடம் திரும்பி, 'நிறுத்தியவை' ஃபோல்டரைத் திறக்கச் சொல்லி, அடர் பச்சை மெயிலைத் தன் கையாலேயே அழித்தார். குப்பையிலிருந்தும் அழித்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.

மற்றவற்றை அதன்பின் பிரித்தோம். ஒவ்வொரு மெயிலுக்கும் எழுதியவரிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்: இதை இன்றைக்கு உட்கார்ந்து எழுதினால் இப்படியே எழுதுவீர்களா? பெரும்பாலானவை அப்படியே போயின. சில திருத்திப் போயின. கதிர் எழுதிய ஒன்று வந்தது. லேபிள் சப்ளையர் சொன்ன நாளில் கொண்டுவரவில்லை, இனி உங்களிடம் லேபிள் வாங்கமாட்டோம் என்று முதலாளி சொல்லச் சொல்லத் திங்கள்கிழமை எழுதியது. அந்த சப்ளையர் செவ்வாய்க்கிழமை லேபிளோடு நேரிலேயே வந்து, முதலாளியோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

"இதத் தாட்டி உட்டா மனுசன் நேத்து நாங்க குடுத்த டீயையும் கொண்டாந்து ஊத்தீருவாரு. அழிச்சுருங்க" என்றார் கதிர். அன்றைக்குக் கார்த்தி சிரித்தது அந்த ஒருமுறைதான்.

எல்லாம் சரியாக முடிந்தது என்று எழுதினால் உங்களை ஏமாற்றியதாகும். பிரகாஷ் என்ற மெர்ச்சண்டைசர் அன்று பிரிண்டிங் யூனிட்டுகளைச் சுற்றப் போயிருந்தார். போனை எடுக்கவில்லை. அவர் எழுதிய மெயில்களைக் கார்த்தி அனுப்பச் சொன்னார். எழுதியவர் வரட்டும் என்று நிறுத்திவைத்தேன். மறுநாள் காலை பிரகாஷ் வந்து பார்த்தார். எல்லாமே சரியான மெயில்கள். அன்றைக்கே போயிருக்கலாம். அவருடைய ஒரு டிசைன் ஒரு நாள் தள்ளிப்போனது. பிரகாஷ் அதை மறக்கவில்லை, கார்த்தியும் மறக்கவில்லை. இப்போது பார்த்தாலும் கார்த்தி, "மேடம், இன்னைக்கு எத்தன மெயில நிறுத்தி வெக்கப் போறீங்க?" என்பார்.

நிறுத்தி வைப்பதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை ஒரு நாள் தாமதம் என்றால் கொடுக்கலாம் என்று அன்று முடிவு செய்தேன். இன்றும் அதே முடிவைத்தான் எடுப்பேன். ஆனால் விலையே இல்லை என்று யாரிடமும் சொல்லாதீர்கள். நிறுத்தும்போதே, இதனால் யாருக்கு என்ன தாமதமாகும் என்று அவர்களிடமே கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

வெள்ளிக்கிழமை சின்னச்சாமி என்னை வரச் சொன்னார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அழித்தவை என்னென்ன என்று கேட்டுக்கொண்டார். லேபிள் விஷயத்தில் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, மெயில்கள் அவுட்பாக்ஸில் நிற்காமல் தான் படிப்பதற்கு வேறு வழி உண்டா என்று கேட்டார். படிப்பதை விடமாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். விடச் சொல்லி நானும் கேட்கவில்லை. அது அவர் கம்பெனி. படிக்க ஒரு இடம், போக ஒரு இடம் என்று இரண்டாகப் பிரித்துக் கொடுத்தேன்.

இப்போது நிலைமை இது.

அந்த நல்லூர் கம்பெனியில் மெயில்கள் முதலாளியின் பார்வைக்கு என்று தனி ஃபோல்டரில் நிற்கின்றன. அவுட்பாக்ஸில் எதுவும் நிற்பதில்லை. நின்றால் அது பழுது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு மெயில் எழுதிய மறுநாளும் போகாமல் இருந்தால், எழுதியவர் மறுபடி பார்த்துச் சொல்லாமல் அது போகாது.

நம் அலுவலகத்தில், சிஸ்டம் மாற்றிய பிறகு, வெளியே போன மெயிலை வெளியே இருக்கும் ஒரு ஆள் போனில் படித்துக் காட்டாமல் வேலை முடிந்ததாக எழுதிக் கொடுப்பதில்லை. நின்றுபோன எதையும் ஓட வைப்பதற்கு முன்னால், அதற்குப் பின்னால் வரிசையில் என்ன நிற்கிறது என்று பார்க்கிறோம். மெயிலுக்கும் இதுதான், பிரிண்டருக்கும் இதுதான்.

துணி இளம் பச்சையில் வந்தது. சரக்கு சொன்ன நாளில் கப்பல் ஏறியது. அந்த பையரின் அடுத்த ஆர்டர் இப்போது தையலில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் சலீமா.